வெளிநாட்டுப் பார்சலுக்குச் சுங்க வரி அதிகமா? எதிர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமரி மாவட்டம் குளச்சலில் தூண்டில் மீன்பிடிப்பில் ஆர்வமுள்ள ஒருவர் ஜப்பானிலிருந்து 8,000 ரூபாய் விலையில், தூண்டில் நூலைச் சுற்றும் ஒரு ரீல் வரவழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விமானக் கட்டணம் தனியாக 4,000 ரூபாய். பார்சல் வாசலுக்கு வந்ததும் கூரியர்காரர் மேலும் சில ஆயிரங்களைக் கேட்கிறார். இவருக்குக் கோபம் வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, "இது பகல்கொள்ளை" என்கிறார். மறுமுனையில் இருப்பவர் வருத்தம் தெரிவிக்கிறார். அத்துடன் விஷயம் முடிந்துவிடுகிறது.

மொத்தத் தொகையை எதிர்த்துச் சண்டை போடுவதுதான் இதில் அடிப்படைத் தவறு. அந்தத் தொகைக்குள் அடிப்படைச் சுங்க வரி, பொருந்தினால் அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி, பிறகு ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி, கடைசியாகக் கூரியர் நிறுவனம் தன் வேலைக்காகச் சேர்த்துக்கொண்ட கட்டணம் என்று பல வரிசைகள் இருக்கின்றன. முதல் மூன்றும் அரசுக்குப் போகின்றன, கடைசியானது தனியாருக்கு. எந்த வரிசையில் பிழை என்று தெரியாமல் யாரிடம் போய் என்ன கேட்பது? எனவே, சுங்கத்துறையில் தாக்கலான ‘பில் ஆஃப் என்ட்ரி’ எனும் இறக்குமதி ஆவணத்தின் நகலைக் கூரியரிடம் முதலில் கேட்டு வாங்குங்கள். தபாலில் வந்த பார்சல் என்றால், உறையில் ஒட்டியிருக்கும் சுங்க அறிவிப்புச் சீட்டையும், வரி போட்ட சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு ஆதாரம் தேடுபவர்கள் நிறையப் பேர்.

சீட்டில் ஜிஎஸ்டி என்று பார்த்ததும் நாகர்கோவில் ஜிஎஸ்டி அலுவலகத்துக்குக் கிளம்புவது அடுத்த வீண் அலைச்சல். இறக்குமதியின்போது அந்த வரியை வசூலிப்பது சுங்கத்துறைதான். பொருள் தக்கலையில் கைக்கு வந்தாலும் அதன் மதிப்பீடு சென்னையிலோ, டெல்லியிலோ, மும்பையிலோ, எந்தச் சுங்கத்துறை நிலையம் வழியாக நாட்டுக்குள் வந்ததோ அங்கே நடந்திருக்கும். முறையீடும் அந்த ஊருக்குத்தான் போக வேண்டும்.

இனி ரீலுக்கு வருவோம். வரி விதிப்பது பொருளின் விலையில் மட்டுமல்ல; சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின்மேல். "பொருள் 8,000தானே, ஏன் அதற்கு மேல் கணக்கிட்டார்கள்?" என்ற வாதம் எடுபடாது. ஆனால் இதற்குள்ளேயே ஒரு நல்ல வாதம் ஒளிந்திருக்கிறது. பலருக்கு அது கண்ணில் படுவதில்லை. 2007ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளில் 10ஆவது விதி, விமானத்தில் வரும் பொருளுக்குச் சேர்க்கும் போக்குவரத்துச் செலவு பொருளின் ஏற்றுமதி விலையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நம் உதாரணத்தில் உண்மையான விமானக் கட்டணம் 4,000 என்றாலும் சேர்க்க வேண்டியது 1,600 ரூபாய்தான். கணக்கு 12,000 ரூபாயிலிருந்து தொடங்கியிருந்தால் அது தவறு. விலை குறைந்த, எடை கூடிய பொருள்களில் இந்த வித்தியாசம் பெரிதாக இருக்கும். இதைச் சரிபார்க்க, பொருளின் விலையையும் கட்டணத்தையும் தனித்தனியே காட்டும் இன்வாய்ஸ் வேண்டும். இரண்டையும் ஒரே தொகையாக எழுதிய இன்வாய்ஸை வைத்து வாதாடுவது சிரமம்.

மாறாக, எடுபடாத வாதங்களில் மூச்சை வீணாக்காதீர்கள். பணம் செலுத்திய அட்டைக்கு வங்கி கணக்கிட்ட டாலர் மதிப்பைக் காட்டிப் பயனில்லை; சுங்கத்துறை தனக்கென அறிவிக்கும் மாற்று வீதத்தையே பயன்படுத்தும். ‘வரிக்கு மேல் வரி’ என்ற புகாரும் அப்படித்தான். சுங்க வரியைச் சேர்த்த தொகையின்மேல் ஜிஎஸ்டி போடுவதே சட்டம். இன்னொன்று, இணையத்தில் பொருளின் பெயரைத் தேடி, "இதற்கு வரி இவ்வளவுதானே" என்று கேட்பது. சொந்த உபயோகத்துக்குத் தபாலிலோ விமானத்திலோ வரும் பொருள்களுக்கென்று சுங்கக் கட்டணப் பட்டியலின் 98ஆம் அத்தியாயத்தில் 9804 என்ற தனித் தலைப்பு உண்டு. அந்தப் பொருளுக்கு வேறு இடத்தில் குறிப்பான தலைப்பு இருந்தாலும் இந்த அத்தியாயமே முந்தும். அதன் விகிதம் பட்ஜெட்டில் மாறக்கூடியது. உங்கள் பொருளுக்கு வரி கணக்கிட்டபோது எது அமலில் இருந்தது என்று பாருங்கள்.

நம் மாவட்டத்தில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருப்பதால், ‘கிஃப்ட்’ விவகாரம் தனியாகச் சொல்ல வேண்டியது. துபாயில் இருக்கும் மைத்துனர் கைக்கடிகாரமோ போனோ கூரியரில் போடுகிறார். உறையில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி, மதிப்பையும் பத்து டாலராகக் குறைத்துவிடுகிறார். வரி இருக்காது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிற்றுக்கும் மட்டுமே இப்போது விலக்கு. மற்ற அன்பளிப்புகளுக்கு முழு வரி. திருவனந்தபுரத்தில் இறங்கும்போது பெட்டிக்குக் கிடைக்கும் வரிச்சலுகையும் தனியாக வரும் பார்சலுக்குப் பொருந்தாது. மதிப்பைக் குறைத்து எழுதியது தெரியவந்தால் பறிமுதல், அபராதம் வரை போகலாம். அதைவிட முக்கியம், அப்படி எழுதிய பிறகு அதிகாரி தன் கணிப்பில் மதிப்பை உயர்த்தினால், உங்கள் கையிலிருக்கும் ஆவணத்தை நம்பும்படி எப்படிக் கேட்பீர்கள்?

நேர்மையான இன்வாய்ஸ் இருந்தும் அதிகாரி சந்தேகப்பட்டால் நிலைமை வேறு. நீங்கள் கேட்டால் சந்தேகத்துக்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்கிறது அதே மதிப்பீட்டு விதிகளின் 12ஆவது விதி. அறிவித்த மதிப்பை மாற்றி மதிப்பிட்டு, அதை நீங்கள் எழுத்தில் ஏற்காவிட்டால், 15 நாள்களுக்குள் காரணம் விளக்கும் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்கிறது சுங்கச் சட்டத்தின் 17ஆவது பிரிவு. பொருள் சீக்கிரம் கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில், கூரியர் அனுப்பும் மின்னஞ்சலுக்கு ‘சம்மதம்’ என்று பதில் போட்டுவிட்டால் இந்த உரிமையை நீங்களே கைவிட்டதாகிவிடும்.

பொருள் அவசரமாகத் தேவை, வரியும் தவறு என்றால், எதிர்ப்புடன் செலுத்துவதாக எழுதிக் கொடுத்துவிட்டுச் செலுத்துங்கள். சும்மா செலுத்தினால், பணத்தைத் திரும்பக் கேட்க ஓராண்டுதான். எதிர்ப்புடன் செலுத்தியதற்கு அந்தக் காலவரம்பு இல்லை. இங்கேதான் ஒரு பெரிய பள்ளம். ‘ரீஃபண்ட்’ விண்ணப்பம் போட்டால் போதும் என்று பலர் காத்திருக்கிறார்கள். மதிப்பீட்டு ஆணையை மேல்முறையீட்டிலோ சட்டம் அனுமதிக்கும் வேறு வழியிலோ மாற்றாமல் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்று 2019 செப்டம்பரில் ஐ.டி.சி. நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேல்முறையீட்டு ஆணையரிடம் போக 60 நாள்; தக்க காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்குப் பிறகு அவராலும் ஏற்க முடியாது. கூட்டல், கழித்தல் போன்ற எழுத்துப் பிழை என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 154ஆவது பிரிவின்கீழ் திருத்தக் கோரலாம். சில நூறு ரூபாய்க்கு மேல்முறையீடு தேவையா என்பது உங்கள் நேரத்தைப் பொறுத்தது. என்னைக் கேட்டால், திருத்தக் கடிதத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

பொருள் பழுதாக வந்தால் விற்பவருக்குத் திருப்பி அனுப்புகிறோம்; விலை திரும்பி வருகிறது, வரி வருவதில்லை. காரணம், சுங்கத்துறைக்குத் தெரியாமல் சாதாரணப் பார்சலாக அனுப்பிவிடுவதுதான். 26ஏ பிரிவின்படி, பழுதானதோ ஒப்புக்கொண்ட தரத்தில் இல்லாததோ ஆன பொருளை, விடுவிப்பு ஆணை நாளிலிருந்து 30 நாள்களுக்குள், இறக்குமதியான அதே பொருள்தான் என்று அதிகாரிக்கு அடையாளம் காட்டி ஏற்றுமதி செய்தால் வரியைக் கேட்கலாம். பழுதைக் கண்டுபிடிக்கத் தேவையானதற்கு மேல் பயன்படுத்தியிருக்கக் கூடாது.

‘உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்’ என்று வரும் அழைப்போடு வாதாடவே வேண்டாம். சுங்கத்துறை தனிநபர் கணக்கில் வரி வாங்குவதில்லை. கடிதம் காட்டினால் அதிலுள்ள ஆவண அடையாள எண்ணைத் துறையின் இணையதளத்தில் சரிபாருங்கள்.

இனி மிச்சமிருப்பது கூரியரின் சொந்தக் கட்டணம். முன்பணம் கட்டியதற்கு, ஆவணம் தயாரித்ததற்கு என்று சேர்க்கப்படும் இந்தத் தொகையில் சுங்க ஆணையருக்கு வேலையில்லை. முன்கூட்டியே அறிவித்த கட்டணமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.