உணவுக்கும் இயற்கைக்கும் நிலம் பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிலப்பயன்பாட்டுத் திட்டமிடலுக்குப் புதிதாக வருபவர்களின் வரைவுகளைச் சரிபார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. நானும் என் காலத்தவர்களும் தொடக்கத்தில் செய்த பிழைகளே பெரும்பாலும் அவற்றில் திரும்ப வருகின்றன. அளவுகோல் பொருந்தாத வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பது, காலாவதியான புள்ளிவிவரத்தை நம்புவது போன்றவற்றை எந்த மேலாளரும் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். மேலாளரும் சேர்ந்து செய்யும் தவறுகளைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

மிச்ச நிலத்தை உபரி நிலமாகக் கொள்வது

வரைபடம் தயாராகும் முறையைக் கவனியுங்கள். செயற்கைக்கோள் படத்திலிருந்து காடு, பயிர், கட்டடம், நீர் ஆகியவை முதலில் பிரிக்கப்படுகின்றன. இவற்றில் எதிலும் அடங்காத அனைத்தும் கடைசியில் ஒரே சாம்பல் நிறத்தில் கொட்டப்படுகின்றன. பிறகு உணவு உற்பத்தியைப் பெருக்கக் கூடுதல் பரப்பு வேண்டும் என்ற பேச்சு எழும்போது, காட்டையும் குடியிருப்பையும் தொடாமல் எல்லோரையும் திருப்திப்படுத்தக்கூடிய இடமாக அந்தச் சாம்பல் நிறம் கண்ணில் படுகிறது. இயற்கையான புல்வெளி, மழைக்காலத்தில் மட்டும் நிரம்பும் சதுப்பு, ஆறு பெருகும்போது வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் சமவெளி, பொது மேய்ச்சல் நிலம், சுழற்சி முறையில் ஓய்வுக்கு விடப்பட்ட வயல் ஆகிய எல்லாமே அந்த ஒரே நிறத்துக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. கடைசி இரண்டும் ஏற்கெனவே உணவு தருபவை என்பதுகூடப் பலருக்குத் தோன்றுவதில்லை.

இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. மேகமில்லாத தெளிவான படத்தைத் தேடுபவருக்குப் பெரும்பாலும் வறண்ட பருவத்தின் படங்களே கிடைக்கும். அப்போது சதுப்பு வற்றி, புல் காய்ந்து, எல்லாம் வெற்றுத் தரையாகத் தெரியும். ஆய்வுக் கூட்டம் ஒன்றில் இளம் திட்டமிடுநர் ஒருவர், அப்படிப்பட்ட ஒரு படத்தை வைத்து, பெரிய நிலத்துண்டு ஒன்றைப் புதிய பயிர்ப் பரப்பாக முன்மொழிந்தார். மழைக்காலத்து ரேடார் படத்தை அதன்மேல் வைக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் தண்ணீராக இருந்தது. அவர் சிறிதும் கலங்காமல், "அப்படியானால் வடிகால் வெட்டும் செலவையும் சேர்த்துவிடுகிறேன், சார்" என்றார். அறையிலிருந்த மூத்தவர்கள் அதற்குத் தலையசைத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

வடிகால் வெட்டினால் என்ன ஆகும் என்பதை இந்தோனேசியா பெரிய அளவில் அனுபவித்துப் பார்த்துவிட்டது. அரிசித் தன்னிறைவுக்காக 1995-இல் சுகார்த்தோவின் அரசு, மத்திய கலிமந்தானில் ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர் சதுப்பு நிலத்தை நெல் வயலாக்கத் திட்டமிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய்களை வெட்டியது. அதன் பெரும்பகுதி பீட் நிலம். அதாவது, முழுதாக மட்காத தாவரப் பொருள் நீரில் ஊறிப் படிந்து உருவான மண். சத்துக் குறைந்தும் அமிலம் மிகுந்தும் இருந்த அந்த மண்ணில் நெல் சரியாக வரவில்லை. நீர் வடிந்ததும் பீட் காற்றுப்பட்டு மட்கத் தொடங்கியது, தரை தாழ்ந்தது, 1997-இன் எல் நினோ வறட்சியில் தீப்பற்றியது. அதன்பின் சில ஆண்டுகளுக்குள் திட்டமே கைவிடப்பட்டது. உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதமே உள்ள பீட் நிலங்கள், உலகின் காட்டு மரங்கள் அனைத்தும் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகமான கரிமத்தைத் தேக்கி வைத்துள்ளதால், இந்த இழப்பை அந்த மாகாணத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

ஆகவே அந்தச் சாம்பல் நிறத்தை முதலில் வகைவகையாகப் பிரியுங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் 10 மீட்டர் துல்லியப் படங்களும், மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படங்களும் இலவசமாகக் கிடைக்கும் இந்நாளில், எல்லாப் பருவங்களையும் பார்க்காமல் விட்டதற்குச் சாக்குச் சொல்ல இடமில்லை. சில இடங்களிலாவது துளையிட்டு ஆழத்திலுள்ள மண்ணை எடுத்துப் பாருங்கள். மேய்ப்பவர்களிடமும் மீன் பிடிப்பவர்களிடமும் மாதவாரியாகக் கேளுங்கள், "அங்கே என்ன இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒன்றுமில்லை" என்ற விடையே வரும்.

விளைச்சல் கூடினால் காடு தானே தப்பும் என்று எண்ணுவது

குறைந்த நிலத்தில் அதிகம் விளைவித்து மீதியை இயற்கைக்கு விடுவதா, வயலுக்குள்ளேயே இயற்கைக்கு இடம் தருவதா என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே பல்லாண்டுகளாக நடக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும், ஹெக்டேருக்குக் கிடைக்கும் லாபம் கூடும்போது காட்டோரத்தை மேலும் வெட்டும் ஆசையும் கூடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். விளைபொருள் தொலைதூரச் சந்தைக்குச் செல்லுமானால் தேவைக்கு எல்லையே இராது. கடன், பாசன அனுமதி, சாலை ஆகியவற்றைக் காட்டின் எல்லையைக் காக்கும் நிபந்தனையோடு ஒரே ஆவணத்தில் பிணைக்காவிட்டால், விளைச்சல் மட்டுமே மிஞ்சும்.

எல்லைக்கு வெளியே பார்க்காதிருப்பது

அமேசானில் புதிதாக அழிக்கப்படும் காட்டில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று பெரிய வணிகர்கள் 2006-இல் ஒப்புக்கொண்டனர். அந்த ஒப்பந்தம் பிரேசிலில் அருகிலுள்ள செராடோ என்ற நிலப்பரப்பின் புல்வெளிகளுக்கும் சிறுமரக் காடுகளுக்கும் பொருந்தவில்லை. அங்கே அழிப்பு தொடர்ந்தது. உங்கள் திட்டம் ஓரிடத்தில் உற்பத்தியைக் குறைக்குமானால், குறையும் ஒவ்வொரு டன்னும் இனி எங்கே விளையும் என்பதை அதே அறிக்கையில் எழுதுங்கள்.

சதவீதத்தோடு நிறுத்திவிடுவது

உயிர்ப்பன்மையைக் காக்க உலக நாடுகள் ஏற்ற குன்மிங்-மாண்ட்ரியல் உடன்படிக்கை, 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காக்க வேண்டும் என்ற இலக்கை 2022-இல் வைத்தது. அந்தப் பகுதிகள் எல்லா வகைச் சூழல்களுக்கும் பிரதிநிதியாக இருக்க வேண்டும், ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்றும் அதே இலக்கு கூறுகிறது. இந்தப் பகுதியை எவரும் படிப்பதில்லை. யாரும் உழ விரும்பாத பாறை உச்சிகளைச் சேர்த்தே எண்ணிக்கையை எட்டிவிட முடியும் என்பதால், வயலோடு போட்டியிடும் தாழ்நில வாழிடங்கள் வெளியே நின்றுவிடுகின்றன.

அழித்த காட்டுக்குப் புல்வெளியில் மரம் நட்டு ஈடுகட்டுவது

கூடாது.

ஆற்றோரப் பட்டையைப் பயிர்ப் பரப்பில் எண்ணுவது

முதல் பெருவெள்ளமே உங்கள் கூட்டலைத் திருத்திவிடும்.

திருத்தத்துக்கு இடம் விடாதது

ஒப்புதல் கிடைத்த நாளோடு வரைபடத்தை மூடி வைத்துவிடுபவர்கள் பலர். நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்தால், அல்லது மேய்ச்சல் பரப்பு எவ்வளவு சுருங்கினால், எந்தப் பகுதியின் பயன்பாடு மறுபரிசீலனைக்கு வரும், அதை யார் அளப்பார், அந்தச் செலவு எந்தக் கணக்கில் சேரும் என்பவற்றை ஒப்புதலுக்கு முன்பே எழுதிச் சேர்த்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் அங்கே முதலீடு செய்துவிட்டவர்கள் அந்தப் பத்தியை எழுத விடமாட்டார்கள்.