சமையலறை மந்திரம் கலந்த ஈஸ்ட் டோனட்

ஈஸ்ட் டோனட் செய்ய மூன்று மணி நேரம் பிடிக்கும். அதில் பாதிக்கு மேல் வெறும் காத்திருப்பு. மேற்கத்திய நாடுகளில் 'கிச்சன் விட்ச்' என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்களுக்கு இந்தப் பலகாரம் பிடித்துப்போனதற்கு அந்தக் காத்திருப்பும் ஒரு காரணம். அவர்களுக்குச் சமையலே சடங்கு. கரண்டி சுற்றும் திசை, போடும் மசாலா, பிசையும்போது மனத்தில் நிற்கும் எண்ணம் எல்லாம் கணக்கில் சேரும். பலிப்பதும் பலிக்காததும் அவரவர் நம்பிக்கை. மாவுக்கு மட்டும் நம்பிக்கை கிடையாது. அதற்குத் தெரிந்தது அளவும் சூடும்தான். எனவே சடங்கைக் காத்திருக்கும் நேரத்திலும் மேற்பூச்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். அளவிலும் எண்ணெய்ச் சட்டியிலும் அது நுழைய வேண்டாம்.

12 டோனட்டுக்குத் தேவையானவை:

மைதா 500 கிராம்
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம் (இரண்டேகால் டீஸ்பூன்)
சர்க்கரை 60 கிராம்
உப்பு 8 கிராம்
பால் 220 மி.லி.
முட்டை 1, கூடவே ஒரு மஞ்சள் கரு
உப்பில்லாத வெண்ணெய் 60 கிராம், அறைச் சூட்டில் இளகியது
ஜாதிக்காய்த் தூள் கால் டீஸ்பூன், ஒரு எலுமிச்சையின் தோல் துருவல்
ரம் அல்லது வினிகர் 1 டேபிள்ஸ்பூன்
புரட்ட: சர்க்கரை 150 கிராம், பட்டைத் தூள் 2 டீஸ்பூன்
பொரிக்க: ஒன்றேகால் லிட்டர் கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய்

முட்டை சேர்க்காதவர்கள் 60 கிராம் கெட்டித் தயிர் சேர்க்கலாம். டோனட் வரும், அந்தப் பஞ்சுத்தன்மை கொஞ்சம் குறையும். தராசு இல்லாமல் கப் கணக்கில் இறங்க வேண்டாம். ஒரு கப் மைதாவை அள்ளும் விதத்திலேயே 20, 30 கிராம் வித்தியாசம் வந்துவிடும்.

நாளும் மசாலாவும்

ஒவ்வொரு மூலிகைக்கும் ஒரு கோள் என்று வகுப்பது ஐரோப்பாவில் பழைய வழக்கம். 17-ஆம் நூற்றாண்டு லண்டனில் நிக்கோலஸ் கல்பெப்பர் என்ற மருத்துவர் அதைச் சாமானியர்களிடமும் கொண்டுபோனார். இன்றைய கிச்சன் விட்ச்களின் பட்டியலில் பட்டை செல்வத்துக்கு, ஜாதிக்காய் அதிர்ஷ்டத்துக்கு, எலுமிச்சைத் தோல் மனசும் வீடும் சுத்தமாக, வெனிலா அன்புக்கு, கிராம்பு காவலுக்கு. வியாழக்கிழமை வளர்ச்சிக்கான நாள், வெள்ளி அன்புக்கான நாள். ஆளுக்கு ஆள் பட்டியல் மாறும். மேலே உள்ள அளவு செல்வமும் அதிர்ஷ்டமும் வேண்டுவோருக்கானது. அன்பு வேண்டுமென்றால் பட்டைச் சர்க்கரையை விட்டுவிட்டு வெனிலா கிளேஸ், அதாவது சர்க்கரை மேற்பூச்சு போடுங்கள்.

வியாழக்கிழமைக்கு இன்னொரு உரிமையும் உண்டு. தவக்காலத்துக்கு முந்தைய கடைசி வியாழன், அதாவது ஈஸ்டருக்கு 52 நாள் முன்பு, போலந்தில் 'கொழுத்த வியாழன்'. அன்று போன்ச்கி எனப்படும் ஓட்டையில்லா டோனட் ஒன்றாவது சாப்பிடாதவருக்கு ஆண்டு முழுக்க அதிர்ஷ்டம் இருக்காது என்பார்கள். சிலவற்றுக்குள் பாதாமோ கொட்டையோ ஒளித்து வைப்பது பழைய வழக்கம். கிடைத்தவருக்கு நல்ல காலம்.

பட்டையை மட்டும் மாவில் கொட்ட வேண்டாம். அதன் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடு, பூஞ்சையைத் தடுக்கும் பொருள். ஈஸ்டும் பூஞ்சை இனம்தான். செல்வம் பெருகட்டும் என்று இரண்டு ஸ்பூன் பட்டையை மாவில் கலந்தால் மாவு பெருகாமல் படுத்துவிடும். வெளியே புரட்டும் சர்க்கரையில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். கடைகளில் கிடைக்கும் தடித்த பட்டை பெரும்பாலும் காசியா வகை. காகிதம்போல் அடுக்கடுக்காகச் சுருண்டிருப்பது இலங்கைக் கறுவா, மணம் மென்மையானது. சர்க்கரையோடு மல்லுக்கட்ட காசியாவின் காரமே பொருத்தம்.

மாவு பிசைதல்

பாலைக் கொதி வருமுன் வரை காய்ச்சி, கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு, அதாவது 35 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஆறவிடுங்கள். காய்ச்சாத பாலில் உள்ள மோர்ப் புரதம் மாவின் இழுவையைத் தளர்த்தும். சூடு ஆறுவதற்குள் ஈஸ்ட்டைப் போட்டாலோ கதை முடிந்தது. 55 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்துவிடும்.

அகலமான பாத்திரத்தில் மைதா, ஈஸ்ட், சர்க்கரை, ஜாதிக்காய், எலுமிச்சைத் துருவல் கலந்து, உப்பைக் கடைசியில் ஓரமாகப் போடுங்கள். காவலுக்கென்று உப்பு வட்டம் போட ஆசையிருந்தால் பாத்திரத்தைச் சுற்றி மேடையில் போட்டுக்கொள்ளலாம். உள்ளே 8 கிராமுக்கு மேல் கூடாது. உப்பு கூடினால் ஈஸ்ட் சோர்ந்துபோகும். பால், முட்டை, ரம் ஊற்றி மரக்கரண்டியால் வலஞ்சுழியாகக் கலக்குங்கள். சூரியன் போகும் திசையில் சுற்றினால் சேரும், எதிர்த்திசையில் சுற்றினால் விலகும் என்பது அவர்கள் கணக்கு. கடனோ நோயோ விலக வேண்டும் என்பவர்கள் இடஞ்சுழியாகச் சுற்றட்டும். மாவுக்கு எல்லாம் ஒன்றுதான். மிக்ஸரில் பிசைபவர்கள் திசையைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம்.

மாவு திரண்டதும் ஐந்து நிமிடம் பிசைந்த பிறகே வெண்ணெய். மூன்று நான்கு தவணையாக, ஒரு துண்டு மறைந்த பிறகு அடுத்தது. முதலிலேயே போட்டால் கொழுப்பு மாவைப் பூசிக்கொண்டு பசைத்தன்மை உருவாக விடாது. வெண்ணெய் விழுந்ததும் மாவு அறுந்து, கையெல்லாம் ஒட்டி, கெட்டுப்போனதுபோல் தெரியும். இந்த இடத்தில் பயந்து மைதாவைத் தூவுபவர்கள்தான் கல்லுபோன்ற டோனட் சாப்பிடுகிறார்கள். தூவாமல் இன்னும் எட்டு, பத்து நிமிடம் பிசையுங்கள், தானாகச் சேரும். மடித்து, உள்ளங்கையால் தள்ளி, கால் வட்டம் திருப்பி, மறுபடி மடித்து என்று ஒரு தாளம் வந்துவிடும். வேண்டுதலைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது. நீளமான மந்திரம் தேவையில்லை. 'இந்த வீட்டில் குறை வராது' என்பதுபோல ஒரே வரியை ஒவ்வொரு மடிப்புக்கும் சொன்னால் போதும். ஒரு சின்ன உருண்டையைக் கிள்ளி விரல்களால் விரித்துப் பாருங்கள். வெளிச்சம் தெரியும் அளவு சவ்வாக, கிழியாமல் நீண்டால் பிசைந்தது போதும்.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடிவைத்து, இரு மடங்காகும் வரை விடுங்கள். 28 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம் பிடிக்கும். கடும் வெயில் காலத்தில் 45 நிமிடத்திலேயே ஆகிவிடும். கடிகாரத்தைவிட மாவின் அளவைப் பாருங்கள். புதன் இரவு பிசைந்து, அரை மணி வெளியே வைத்து, பிறகு ஃப்ரிட்ஜில் 8 முதல் 12 மணி நேரம் வைத்தால் வியாழன் காலை பொரிக்கலாம். சுவையும் கூடும், குளிர்ந்த மாவை வெட்டுவதும் சுலபம்.

வெட்டுதலும் இரண்டாம் எழுச்சியும்

லேசாக மாவு தூவிய மேடையில் சப்பாத்திக் கட்டையால் ஒன்றேகால் சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கவும். தேய்க்குமுன் மேடையில் தூவிய மாவில் விரலால் சின்னம் வரைவது உண்டு. அதில் பிரச்சினை இல்லை. மாவின் மேல் கத்தியால் கீறுவதுதான் தப்பு. கீறிய இடத்தில் காற்று வெளியேறும், எண்ணெய் உள்ளே போகும். எழுத்தும் சின்னமும் எழுதியே ஆக வேண்டுமென்றால் கடைசியில் கிளேஸால் எழுதுங்கள்.

8 சென்டிமீட்டர் டம்ளரால் வெளி வட்டமும், 2.5 சென்டிமீட்டர் பாட்டில் மூடியால் உள் வட்டமும் வெட்டவும். நேராக அழுத்தி எடுக்க வேண்டும். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் உப்பும். அமெரிக்க மாலுமி ஹான்சன் கிரிகரி, நடு வேகாத டோனட்டில் சலித்துப்போய் 1847-ல் தாமே ஓட்டை போட்டதாகச் சொல்லிக்கொண்டார். அவர் பேச்சு உண்மையோ இல்லையோ, காரணம் சரிதான். ஓட்டை போட்டால் வேகக் கடினமான நடுப்பகுதியே இல்லாமல் போகிறது.

ஒவ்வொன்றையும் தனித்தனிப் பட்டர் பேப்பர் சதுரத்தில் வைத்து, ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து லேசாக மூடி, 30 முதல் 45 நிமிடம் விடுங்கள். ஃப்ரிட்ஜ் மாவுக்கு ஒரு மணிக்கு மேலும் ஆகலாம். ஓரத்தில் விரலால் அழுத்தினால் குழி மெதுவாக எழும்பி, பாதி நிற்க வேண்டும். சட்டென்று எழும்பினால் நேரம் போதவில்லை. எழும்பவே இல்லையென்றால் தாண்டிவிட்டது. தாண்டியதைப் பொரித்தால் எண்ணெயில் சுருங்கித் தோல் சுருக்கம் விழும். மறுபடி உருட்டித் தேய்த்து வெட்டினால் ஓரளவு காப்பாற்றலாம். மெழுகுவத்தி ஏற்றி அமர்பவர்களுக்கு இந்த அரை மணிதான் நேரம். எண்ணெய் அடுப்பில் ஏறுமுன் அணைத்துவிடுங்கள்.

பொரித்தல்

கனத்த வாணலியில் எண்ணெய் 5, 6 சென்டிமீட்டர் ஆழம் இருக்கட்டும். வெப்பம் 175 முதல் 180 டிகிரி. தெர்மாமீட்டர் இல்லையென்றால் சிறு மாவுத்துண்டைப் போடுங்கள்: அடியில் தொட்டு ஓரிரு நொடியில் மேலே வந்து, சீராகக் குமிழியிட்டு, ஒரு நிமிடத்தில் பொன்னிறமானால் சரி. அடியிலேயே கிடந்தால் சூடு போதாது. அரை நிமிடத்தில் கருத்தால் அதிகம்.

டோனட்டைக் கையால் தூக்கக் கூடாது, அமுங்கிவிடும். பேப்பரோடு எண்ணெயில் இறக்கி, சில நொடியில் பேப்பரை இடுக்கியால் உருவுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று போதும். பக்கத்துக்கு 60 முதல் 90 நொடி. ஒரே தடவை திருப்பினால் போதும். நன்றாக எழும்பிய டோனட் எண்ணெயில் உயரமாக மிதக்கும். நடுவே எண்ணெய் படாமல் ஒரு வெள்ளைக் கோடு வளையமாக நிற்கும். அந்தக் கோடு இல்லையென்றால் எழுச்சி குறைவு என்று புரிந்துகொள்ளுங்கள்.

இந்தப் பதினைந்து நிமிடமும் மந்திரம் கிடையாது. எண்ணெயில் மூலிகை தூவுவது, பக்கத்தில் சாம்பிராணி போடுவது, கண்ணை மூடி வேண்டுவது எதுவும் வேண்டாம். தூவிய இலை கருகும். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும். எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள். மூடியை முதலிலேயே கைக்கு எட்டும் தூரத்தில் வைத்திருப்பது எந்தக் காவல் மந்திரத்தையும்விட மேல்.

எண்ணெய் குடித்த டோனட் வந்தால் முதல் சந்தேகம் வெப்பத்தின் மேல். ஒவ்வொரு ஈடுக்குப் பிறகும் சூடு இறங்கியிருக்கும், ஏறும்வரை பொறுங்கள். இரண்டாவது சந்தேகம் தாண்டிய எழுச்சி. ரம் சேர்ப்பது எண்ணெய் இழுப்பதைத் தடுக்கும் என்று போலந்துப் பாட்டிகள் சொல்வார்கள். சேர்ப்பதில் தவறில்லை, ஆனால் 150 டிகிரி எண்ணெயில் போட்டதை ரம்மால் காப்பாற்ற முடியாது. வெளியே கருத்து உள்ளே பச்சையாக இருந்தால் தீயைக் குறையுங்கள்.

பாதாம் ஒளித்துவைக்க வளையம் உதவாது. 50 கிராம் உருண்டைகளாக உருட்டித் தட்டி, இரண்டாம் எழுச்சிக்குப் பின் 170 டிகிரியில் பக்கத்துக்கு இரண்டரை நிமிடம் பொரியுங்கள். ஆறியதும் பக்கவாட்டில் துளையிட்டு ஒன்றில் மட்டும் பாதாமை நுழைத்து, எல்லாவற்றிலும் ரோஜா ஜாமை நிரப்பினால் எது என்று தெரியாது. சாப்பிடுபவர்களிடம் உள்ளே கொட்டை இருப்பதை முன்பே சொல்லிவிடுங்கள். கொட்டை ஒவ்வாதவர் உண்டா என்றும் கேளுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் இந்த விளையாட்டே வேண்டாம். அடுத்தவர் மனத்தை வளைக்க நினைத்து ஊட்டுவதும் கிச்சன் விட்ச்களிடையே மரியாதைக்குரிய செயல் அல்ல.

எண்ணெயிலிருந்து எடுத்த ஒரு நிமிடத்துக்குள் டோனட்டைப் பட்டைச் சர்க்கரையில் புரட்ட வேண்டும், ஆறினால் ஒட்டாது. கிளேஸ் என்றால் 200 கிராம் ஐசிங் சர்க்கரையில் 3 டேபிள்ஸ்பூன் பாலும் ஒரு டீஸ்பூன் வெனிலாவும் கலந்து, டோனட் வெதுவெதுப்பாக இருக்கையில் தோய்க்கவும். கொதிசூட்டில் தோய்த்தால் வழிந்துவிடும். சின்னம் வரைய அதே கிளேஸைக் கொஞ்சம் கூடுதல் சர்க்கரையால் கெட்டியாக்கி, பிளாஸ்டிக் கவரின் மூலையை வெட்டி ஊற்றலாம்.

வெட்டிய நடுத்துண்டுகளை வீணாக்க வேண்டாம். பக்கத்துக்கு முப்பது நொடியில் வெந்துவிடும். மறுநாளுக்கு மிஞ்சிய டோனட்டை மைக்ரோவேவில் பத்து நொடி வைத்தால் இளகும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் வறண்டுபோகும். காற்றுப்புகாத டப்பாவில் வெளியே வைப்பதே மேல். எண்ணெய் முழுக்க ஆறியதும் துணியில் வடிகட்டி, இன்னொரு தடவைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.