ரப்பரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

கண்மாய்க்கரையில் உட்கார்ந்து படம் போடப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: ரப்பர் எடுத்துப் போகாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மிஷினுக்கு லீவு. விடிந்ததும் பஸ் ஏறிக் கொள்ளுகுடிப்பட்டி போய்விடுவேன். 1977-ல் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயமாக அறிவித்த கண்மாய்கள் இங்கேதான் இருக்கின்றன. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கே வெடி போடாத ஊர். வெயிலில் நோட்டோடு உட்கார்ந்திருக்கும் என்னையும் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

கோடு போடாத நோட்டு, 2பி பென்சில், ஒரு பால்பாயிண்ட் பேனா போதும். கலர் ஆசை இருந்தால் பிள்ளைகள் வைத்திருக்கும் 12 கட்டி வாட்டர்கலர் டப்பா. அதற்குத் தாள் மட்டும் தடிமனாக இருக்கட்டும். சாதாத் தாளில் ஈரப் பிரஷ் பட்டால் பொரித்த அப்பளம்தான்.

போனதும் நோட்டைத் திறக்க வேண்டாம். பத்து நிமிடம் சும்மா இருங்கள். நாம் வந்ததும் எழுந்து போன பறவைகள் அதற்குள் ஒவ்வொன்றாகத் திரும்பும். பிறகு தாளின் மூலையில் தேதி, மணி, காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எதுவரை என்று எழுதுங்கள். வாராவாரம் அதே இடத்தில் உட்கார்ந்தால்தான் இந்த வரிகளுக்கு மதிப்பு. போன வாரம் தண்ணீரில் நின்ற கருவேலமரம் இந்த வாரம் சேற்றில் நிற்பது அப்போதுதான் உறைக்கும்.

முதல் படத்தைத் தாளைப் பார்க்காமலே போடுங்கள். சாக்பீஸ் கோட்டின் மேல் கத்தரி போகிற மாதிரி, கண் பறவையின் விளிம்பில் மெதுவாகப் போகட்டும், கை அதன் பின்னாலேயே வரட்டும். கோணல்மாணலாகத்தான் வரும். அதை யாருக்கும் காட்டப் போவதில்லை. அடுத்த படத்துக்கு அளவு எடுங்கள். அலகை ஒரு அளவாக வைத்துக்கொண்டால் கழுத்து எத்தனை அலகு, கால் எத்தனை அலகு என்று வந்துவிடும்.

பழக மடையான் என்கிற சின்னக் கொக்கு நல்லது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, அளவு கொடுக்க வந்த ஆள் மாதிரி அசையாமல் நிற்கும். பழுப்புக் கோடுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். திடீரென்று பறந்தால் சிறகெல்லாம் வெள்ளை! அதுவரை அந்த வெள்ளையை எங்கே மடித்து வைத்திருந்தது என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். பாதியில் பறந்துவிட்டால் பாதிப் படமாகவே விடுங்கள்.

பெயர் தெரியாத பறவையா? போனை எடுக்காதீர்கள். பெயர் கிடைத்தவுடன் கண் வேலையை நிறுத்திவிடும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ஒரு மாசி மாதம், நத்தை குத்தி நாரை ஒன்று கரைப்பக்கம் வந்து நின்றது. முதுகில் லேசாகப் பழுப்பு ஓடியிருந்தது. அலகைப் போட்டேன், மேலும் கீழும் ஒட்டிக்கொண்டு வந்தது. நத்தை குத்தி என்றால் அலகு நடுவில் இடைவெளி இருக்க வேண்டுமே, எனக்குத் தெரியாததா? 'தப்பாப் போட்டுட்டோம்' என்று ரப்பரால் தேய்த்து, இடைவெளி விட்டுத் திருத்தினேன். எதிரே நின்ற நாரையை இன்னொரு தடவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

குஞ்சு நாரைகளுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் உண்டாகும் என்று நாலைந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கை சரியாகத்தான் போட்டிருந்தது. நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், தேய்த்த இடத்தில் பழைய அலகின் தடம் லேசாகத் தெரியும்.