"ஸ்டீராய்டு கேட்கவில்லை" என்று முடிவுகட்டும் முன்

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு எடுத்தும் இரைப்பு அடங்காதவரிடம் முதலில் கேட்க வேண்டியது: "உங்கள் இன்ஹேலரை எப்படி இழுக்கிறீர்கள், செய்து காட்டுங்கள்." ஸ்ப்ரே வகையைக் குலுக்கி, மெதுவாக ஆழமாக இழுத்து, 10 விநாடி மூச்சை அடக்க வேண்டும். பவுடர் வகையையோ வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாதிரி இழுத்தால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும். ஸ்ப்ரேக்கு ஸ்பேசர் என்ற குடுவையை மாட்டினாலே பாதித் தொல்லை தீரும். சற்றுத் தேறியதும் தினசரி இன்ஹேலரை நிறுத்திவிட்டு, முட்டும்போது மட்டும் சால்பூட்டமால் அடிப்பதும் இதே கணக்குதான். அது மூச்சுக்குழாயை விரிக்குமே தவிர உள்வீக்கத்தைத் தணிக்காது.

அடுத்த தவறு, இரைப்பெல்லாம் ஆஸ்துமா என்று நினைப்பது. குரல்நாண்கள் தவறான நேரத்தில் மூடிக்கொண்டாலும் மூச்சு முட்டும். அதற்குப் பேச்சுப் பயிற்சிதான் மருந்து. நம் ஊர்களில் யானைக்கால் நோய்ப் புழுவால் நுரையீரலில் வரும் ஈசினோபிலியாவும் (ஈசினோபில் என்ற வெள்ளணு மிகுவது) ஆஸ்துமா வேஷம் போடும். பீடி, சிகரெட் புகைப்பவருக்கு ஸ்டீராய்டின் வேலையே மங்கிவிடும்.

இவ்வளவையும் சரிபார்த்த பிறகும் தேறாதவர்கள் சிலர் உண்டு. பிரெட்னிசோலோன் தினமும் 40 மி.கி. வீதம் இரண்டு வாரம் கொடுத்தும் ஊதும் திறன் 15 சதவீதம்கூடக் கூடாவிட்டால் அது ஸ்டீராய்டு எதிர்ப்புத்தன்மை என்பது பழைய வரையறை. சிலரிடம் வீக்கத்தை நடத்துவது ஈசினோபில் அல்ல, நியூட்ரோபில் என்ற வேறு வகை வெள்ளணுக்கள். ஸ்டீராய்டு ஈசினோபிலைச் சாகடிக்கும். நியூட்ரோபிலின் ஆயுளையோ நீட்டும்! அப்போதும் மாத்திரை அளவை ஏற்றிக்கொண்டே போனால் சர்க்கரையும் கண்புரையும் எலும்புத் தேய்வும்தான் மிஞ்சும். பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவது அதைவிட ஆபத்து. நெடுநாள் எடுத்தவரின் அட்ரீனல் சுரப்பி உறங்கிக் கிடக்கும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனையிலும் ஒரு பொறி உண்டு. ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும் நாட்களில் ஈசினோபில் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும். அதை நம்பினால் ஈசினோபிலைக் குறைக்கும் மெபோலிசுமாப் ஊசியால் பலன் பெறக்கூடியவரும் விடுபட்டுப் போவார். ஒவ்வாமை வகை ஆஸ்துமாவுக்கு ஓமலிசுமாப் ஊசி. ஈசினோபில் குறைவானவருக்கும் டெசெபெலுமாப் ஊசி ஓரளவு உதவும். விலைதான் தலை சுற்றும்.

சிலருக்கு அசித்ரோமைசினை வாரம் 3 நாள் என்று மாதக்கணக்கில் தருவார்கள். காய்ச்சலுக்கு வாங்கிப் பழகிய மாத்திரைதானே என்று கடையில் கேட்டு நாமே தொடங்கக் கூடாது. இதயத் துடிப்பைப் பாதிக்கலாம், காது கேட்பது குறையலாம். அதனால்தான் முன்கூட்டியே ஈசிஜி எடுக்கச் சொல்கிறார்கள். சளிப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள்.