நிதி அறிக்கை படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிகர லாபம் எவ்வளவு என்று பார்த்ததும் நிதி அறிக்கையை மூடிவைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். பங்கு வாங்குபவருக்கும் கடன் கொடுக்கும் வங்கிக்கும் அது போதாது. ஒரு எண் நம் முடிவுக்குத் தேவையானதாக இருக்க வேண்டும். நடந்ததை நடந்தபடி காட்டவும் வேண்டும்.

இந்த இரண்டாவதைச் சோதிக்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. ஹைதராபாத் மென்பொருள் நிறுவனமான சத்யத்தின் 2008 செப்டம்பர் 30 கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாக 5,361 கோடி ரூபாய் காட்டப்பட்டது. அதில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதினார். வராத வட்டி 376 கோடியும் கணக்கில் ஏறியிருந்தது. செப்டம்பரில் முடிந்த அந்தக் காலாண்டின் செயல்பாட்டு லாபம் 649 கோடி என்று காட்டினார்கள். உண்மையில் 61 கோடிதான்.

நாம் வங்கிக்குப் போய் இருப்பைச் சரிபார்க்க முடியாது. அது தணிக்கையாளரின் வேலை. அதனால் முதலில் தணிக்கை அறிக்கையைப் படியுங்கள். ஆட்சேபணையோடு கருத்துச் சொல்லியிருந்தால், அது எந்த எண்ணைப் பற்றியது என்று தேடுங்கள். ஆட்சேபணை இல்லை என்பதற்காக நிம்மதி அடைந்துவிடவும் வேண்டாம், சத்யம் கணக்குகளுக்கும் அப்படித்தான் சான்று கிடைத்திருந்தது. காலாண்டு முடிவுகள் பெரும்பாலும் முழுத் தணிக்கைக்கு உட்படாதவை என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்தது, விதி மாறியதைக் கவனிக்காமல் ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடுவது. குத்தகைகளுக்கான இந்தியக் கணக்கியல் தரநிலையான இண்ட் ஏஎஸ் 116, 2019 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதுவரை கடை வாடகை செலவாகவே எழுதப்பட்டது. அப்புறம் நீண்டகாலக் குத்தகை பாலன்ஸ் ஷீட்டில் கடனாக ஏறியது. வாடகைச் செலவு இருந்த இடத்தில் தேய்மானமும் வட்டியும் வந்தன. அதனால் வாடகைக் கடைகள் நிறைய வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு, வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் வரும் லாபம், விற்பனை கூடாமலேயே உயர்ந்தது. குத்தகையின் அசல் தவணை, பணவரவு அறிக்கையின் நிதித் திரட்டல் பகுதிக்குப் போய்விட்டதால் செயல்பாட்டுப் பணவரவும் கூடியதாகத் தெரிந்தது. முந்தைய ஆண்டுக் கணக்கைத் திருத்தாமல் விடவும் விதி இடம் கொடுத்தது. இது தெரியாமல் 2018-19ஐயும் 2019-20ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவருக்கு, தொழிலே வளர்ந்துவிட்டதாகத் தோன்றியிருக்கும்.

இதையெல்லாம் சொல்வது கணக்குகளோடு வரும் விளக்கக் குறிப்புகள்தான். சிறிய எழுத்து என்று தாண்டிப் போகாதீர்கள். கணக்குக் கொள்கை மாற்றம், குழும நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன், வழக்கில் இருக்கும் வரிப் பாக்கி எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன.