முதல் ரீஃப் டேங்க்: சாமான் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல் மீனும் பவளமும் வீட்டில் வளர்க்கலாம் என்று ஆசை வந்துவிட்டால் யாரும் செய்வது ஒன்றுதான். யூடியூபில் நாலைந்து வீடியோ பார்ப்பது, அதில் சொல்கிற சாமான்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போவது. நானும் அப்படித்தான் போனேன். என் தாளில் முதல் வரியில் இருந்தது ஹீட்டர். அந்த வீடியோவை எடுத்தவர் ஊரில் குளிர்காலத்தில் பனி கொட்டும், என் வீடோ சென்னையில், தலைக்கு மேலே மொட்டை மாடி. வாங்கிய ஹீட்டரை இந்த ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூடப் போட வேண்டி வரவில்லை.

நம் பக்கத்தில் ரீஃப் டேங்கைச் சாகடிப்பது பெரும்பாலும் வெயில், கரண்ட் கட், அப்புறம் நாம் ஊற்றுகிற தண்ணீர். இந்த மூன்றையும் சமாளிக்கிற சாமானை முதலில் வாங்குங்கள். லைட், தண்ணீரின் அழுக்கை நுரையாக்கி வடிக்கும் ஸ்கிம்மர் எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்து, பளபளவென்று ஒரு லைட்டில் பாதிப் பணத்தைப் போட்டுவிட்டு, மே மாதம் வந்ததும் கையைப் பிசைகிறார்கள்.

வெயிலில் இருந்து ஆரம்பிக்கிறேன். டேங்க் தண்ணீர் 25 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. 30-ஐத் தாண்டி சில நாள் நின்றால், பவளத்தின் சதைக்குள் குடியிருந்து அதற்குச் சாப்பாடு தரும் நுண்பாசியைப் பவளமே வெளியேற்றிவிடும், நிறம் போய் வெளுத்துவிடும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவில் கடலிலேயே இப்படித்தான் வெளுத்தது. அவ்வளவு பெரிய கடலுக்கே அந்தக் கதி என்றால் 200 லிட்டர் கண்ணாடிப் பெட்டி எம்மாத்திரம்? சென்னையில் மே மாதம் வீட்டுக்குள்ளேயே 34 டிகிரி இருக்கும், அதன் மேல் பம்ப், லைட் எல்லாம் சேர்ந்து தண்ணீரை இன்னும் சூடாக்கும். ஆகவே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வேண்டும். "ராத்திரி ஏ.சி. போடுகிறோமே" என்று விட்டுவிடாதீர்கள், ராத்திரி 26, மதியம் 31 என்று தினமும் ஏறி இறங்குவதும் பவளத்துக்கு நல்லதல்ல.

சில்லர் வாங்கும்போது டப்பாவில் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், அறை வெப்பத்தைவிட எத்தனை டிகிரி இறக்க வேண்டும் என்று பாருங்கள். நமக்கு ஏழெட்டு டிகிரி இறக்க வேண்டியிருக்கும், அதனால் டப்பா சொல்வதற்கு ஒரு சைஸ் கூடுதலாக எடுப்பதுதான் சரி. சின்னதை வாங்கினால் அது நிற்காமல் ஓடி, கரண்ட் பில்லும் ஏறி, தண்ணீரும் குளிராமல் கிடக்கும். 300 வாட் சில்லர் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 3 யூனிட், நம் இரண்டு மாத பில்லில் அதுவே 180 யூனிட், ஸ்லாப் மாறினால் யூனிட்டின் விலையும் மாறும். வாங்குவதற்கு முன்னால் வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். இன்னொன்று, சில்லரை டேங்க் ஸ்டாண்டுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். அது தண்ணீரின் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிற மெஷின், மூடிய அலமாரிக்குள் வைத்தால் தள்ளிய சூட்டையே திரும்ப இழுக்கும். பால்கனியோ ஜன்னல் பக்கமோ தோதான இடம்.

ஃபேன் வைத்துச் சமாளிக்கலாம் என்பவர்களும் உண்டு. கோயம்புத்தூர் மாதிரி வறண்ட காற்று உள்ள ஊரில் ஓரளவு சரிப்படும், தண்ணீர் ஆவியாகும்போது இரண்டு மூன்று டிகிரி இறங்கும். சென்னையில் கடல்காற்று ஈரமாக இருக்கும் நாளில் அவ்வளவு இறங்காது. அதோடு ஃபேன் போட்டால் மூன்றடி டேங்கில் ஒரு நாளைக்கு நாலைந்து லிட்டர் குறையும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே உள்ளே நிற்கும். 190 லிட்டரில் 5 லிட்டர் போனால் ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பளவு ஒரே நாளில் 36-ஐத் தொட்டுவிடும். குறைந்த இடத்தில் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, இது தெரியாமல் தினமும் உப்பு கலந்து ஊற்றி டேங்கையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைகிற தண்ணீரைத் தானாக ஊற்றும் கருவிக்கு ஏ.டி.ஓ. என்று பெயர், இதை ஆடம்பரம் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் இரண்டு நாள் ஊருக்குப் போனால்தான் அதன் அருமை தெரியும்.

அடுத்தது கரண்ட். டேங்குக்குக் கீழே சம்ப் என்ற இன்னொரு தொட்டி வைத்து, மேலிருந்து தண்ணீர் வழிந்து கீழே வந்து, பம்ப் அதை மேலே அனுப்பும் அமைப்பில் ஒரு விஷயத்தை யாரும் கடையில் சொல்வதில்லை. பம்ப் நின்றதும் மேலே உள்ள தண்ணீரில் ஒரு பகுதி கீழே வரும். எவ்வளவு வரும் என்பதை நீங்களே கணக்குப் போடலாம். மூன்றடிக்கு ஒன்றரை அடி டேங்கில் ஒரு அங்குல உயரம் என்பது பத்தரை லிட்டர். தண்ணீர் திரும்பி வரும் குழாயின் வாய் மேல்மட்டத்தில் இருந்து இரண்டு அங்குலம் முங்கியிருந்தால் 21 லிட்டர் அந்தக் குழாய் வழியாகவே பின்னோக்கி இழுத்துக்கொண்டு இறங்கும், பைப்பில் நிற்பது தனி. சம்பில் அவ்வளவு காலி இடம் இருக்கிறதா?

எனக்கு இல்லை. டேங்க் வைத்து மூன்றாவது வாரம், ராத்திரி கரண்ட் போயிருக்கிறது, காலையில் எழுந்து ஹாலில் கால் வைத்தால் சில்லென்று உப்புத் தண்ணீர். தரையைத் துடைத்துவிடலாம், ஸ்டாண்டை என்ன செய்வது? பார்ட்டிகிள் போர்டில் செய்த ஸ்டாண்ட், அடிப்பக்கம் டீயில் முக்கிய பிஸ்கட் மாதிரி உப்பி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. அதன் மேல் நின்றதோ ஏறத்தாழ 300 கிலோ. தண்ணீரை எல்லாம் பக்கெட்டில் இறைத்து, மீனை ஐஸ் பெட்டியில் மாற்றி, வேறு ஸ்டாண்ட் வரும்வரை நான்கு நாள் பட்ட பாடு இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே ஸ்டாண்ட் என்றால் மரைன் ப்ளைவுட் அல்லது அலுமினியம், இரும்பு என்றால் நல்ல பவுடர் கோட்டிங் இருக்க வேண்டும், கீறல் விழுந்த இடத்தில் உப்பு உடனே வேலையைக் காட்டும். குழாயின் வாயை மேல்மட்டத்துக்கு அரை அங்குலத்துக்குள் வையுங்கள். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள், ஒரு சின்ன நத்தை மாட்டினால்கூட அது மூடாது. மீன் விடுவதற்கு முன்னாலேயே பம்ப்பை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள், சம்ப் நிரம்பி வழியாமல் நிற்கிற அளவைக் கண்டுபிடித்து, பம்ப் ஓடும்போது சம்பில் தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் எப்போதும் தண்ணீர் நிரப்பக் கூடாது.

கரண்ட் போனால் டேங்குக்கு முதலில் குறைவது ஆக்ஸிஜன். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் சில்லர், லைட் எதையும் சேர்க்காதீர்கள், டேங்குக்குள் அலை கிளப்பும் வேவ்மேக்கர் ஒன்று மட்டும் போதும், பத்து பதினைந்து வாட்தான், ராத்திரி முழுக்கத் தண்ணீரைப் புரட்டிக்கொண்டே இருக்கும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்று பாருங்கள், பழைய ஸ்கொயர் வேவ் வகையில் ஏ.சி. மின்சாரத்தில் ஓடும் பம்ப்கள் உறுமும், சூடாகும். அதுவும் இல்லாத வீட்டில் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றாவது இருக்கட்டும்.

சரி, தண்ணீர். இதில்தான் நல்ல படிப்பாளிகளும் ஏமாறுகிறார்கள். "வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே, அதையே ஊற்றலாமே?" ஊற்றக் கூடாது. குடிக்கிற ஆர்.ஓ. மெஷினில் ருசிக்காக டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் என்று ஒன்று வைத்து, ஆர்.ஓ. வழியாக வராத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலப்பார்கள், அல்லது மினரல் சேர்ப்பார்கள். இப்போது காப்பர் சேர்க்கும் மாடல்களும் நிறைய வந்துவிட்டன. நமக்கு உடம்புக்கு நல்லது என்று விற்கப்படும் அந்தச் செம்பு, டேங்கில் இருக்கும் இறால், நத்தை, பவளம் எல்லாவற்றுக்கும் விஷம். போர் தண்ணீரின் டி.டி.எஸ். 1200 என்றால், நல்ல மெம்பரேன் 96 சதவீதம் வடிகட்டினாலும் 48 மிச்சம் இருக்கும், அதில் சிலிகேட்டும் நைட்ரேட்டும் இருக்கலாம், கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பாகப் படியும் பாசிக்கு அதுவே தீனி. எனவே ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்சமிருப்பதையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் வைத்த, அக்வேரியத்துக்கென்று விற்கும் ஆர்.ஓ.டி.ஐ. யூனிட் வாங்குங்கள். கூடவே ஒரு டி.டி.எஸ். மீட்டர். அதில் 0 காட்ட வேண்டும், 2, 3 என்று ஏற ஆரம்பித்தால் ரெசின் மாற்றும் நேரம் வந்துவிட்டது. கழிவுத் தண்ணீர் நிறையப் போகும், பக்கெட்டில் பிடித்து வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

பெசன்ட் நகர் பக்கம் போய் கேனில் கடல் தண்ணீர் பிடித்து வரலாமே என்று கேட்பவர்களுக்கு: நகரத்துக் கரையோரம் வேண்டாம். சாக்கடை கலந்த ஆறு வந்து சேரும் இடம், நவம்பர் மழையில் கரையோர உப்பளவும் இறங்கிவிடும். கடற்கரை மணலும் அப்படித்தான். ஆரகோனைட் என்ற சுண்ணாம்பு மணலும் அக்வேரியத்துக்கான பாக்கெட் உப்பும் வாங்கிவிடுங்கள், லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உப்பளவை அளப்பதற்கு முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் வேண்டாம், முள்ளில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினால் அளவே மாறிவிடும். ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், அதை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் 0 வைத்துச் சரிபார்ப்பதோடு விடாமல், 35 அளவுள்ள சரிபார்ப்பு திரவத்தையும் சேர்த்து வாங்குங்கள்.

லைட்டுக்கு வருவோம். எந்தப் பவளம் வைக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் லைட், எனவே நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி முதலில் பேசியாக வேண்டும், வெளிநாட்டு வீடியோ எதுவும் இதைச் சொல்லாது. கல் மாதிரி எலும்புக்கூடு கட்டும் கடினப் பவளங்கள் எல்லாமே வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இருக்கின்றன, 2001-லேயே சேர்த்துவிட்டார்கள். கடல் விசிறியும் அப்படியே. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. ராமேஸ்வரம் பக்கத்துக் கடலில் எடுத்த "லைவ் ராக்" என்று யாராவது கொடுத்தால் அதுவும் பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடுதான், தொடாதீர்கள். அதற்குப் பதில் செயற்கையாகச் செய்த செராமிக் கல் போதும், மீன் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் குடியேறக் கொஞ்ச நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி மிச்சமிருக்கும் பவளத்தை நம் ஹாலுக்காக உடைப்பது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம்.

ஆக நாம் வைக்கப் போவது காளான் பவளம், ஜோவாந்தஸ், லெதர் போன்ற மென்மையான வகைகள். அதையும் பில்லோடு, எங்கிருந்து வந்தது என்று சொல்கிற கடையில் மட்டும் வாங்குங்கள். இவற்றுக்கு 50 முதல் 150 பார் (பவளத்தின் நுண்பாசிக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் போதும். 300 பார் கேட்கும் அக்ரோபோரா என்ற கடினப் பவளத்தை வைக்கவே போவதில்லை என்கிறபோது அதற்கான லைட்டை ஏன் வாங்க வேண்டும்? கடினப் பவளம் எலும்புக்கூடு கட்டக் கால்சியம் கொடுக்கும் கால்சியம் ரியாக்டர், டோசிங் பம்ப் இதெல்லாமும் தேவையில்லை, வாரம் பத்து சதவீதம் தண்ணீர் மாற்றினால் சின்ன டேங்குக்குப் போதும். மிச்சமாகும் பணம் சில்லருக்கு. அதற்காக டியூப்லைட் மாதிரி வெறும் வெள்ளை எல்.இ.டி.யும் வாங்கிவிடாதீர்கள், நீலம் வேண்டும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வசதி வேண்டும். முதல் மாதம் முப்பது சதவீதத்தில் ஓட்டுங்கள்.

ஸ்கிம்மர் வாங்குவதற்கு முன் டேப் எடுத்து ஸ்டாண்டின் உள் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். ஸ்கிம்மர் உள்ளே நுழைந்தால் மட்டும் போதாது, மேலே உள்ள நுரைக் கோப்பையைக் கழற்ற இன்னும் ஒரு சாண் வேண்டும். இல்லையென்றால் வாரம் இரண்டு முறை ஸ்கிம்மரையே சாய்த்துத் தூக்க வேண்டும், அந்தக் கறுப்புத் தண்ணீர் சம்பில் கொட்டினால் அத்தனை நாள் வடித்தது வீண். நன்னீர் டேங்கில் வைத்திருந்த கேனிஸ்டர் ஃபில்டரை இங்கே கொண்டுவராதீர்கள், வாராவாரம் கழுவாவிட்டால் அழுக்கு சேர்ந்து நைட்ரேட் ஏறும். பம்ப்பில் போட்டிருக்கும் 4000 லிட்டர் என்பது உயரமே இல்லாதபோது தள்ளுவது, நாலடி மேலே ஏற்றும்போது நன்றாகவே குறைந்துவிடும், அதையும் கணக்கில் வைத்து வாங்குங்கள். வேவ்மேக்கர் பெரியதாக ஒன்றுக்குப் பதில் சின்னதாக இரண்டு நல்லது, ஒன்று நின்றாலும் இன்னொன்று ஓடும்.

டேங்க் சைஸ் பற்றி ஒரு வார்த்தை. முதல் தடவை என்பதால் 20 லிட்டர் நானோ போதும் என்று நினைக்காதீர்கள், தண்ணீர் குறையக் குறைய எல்லாமே சீக்கிரம் மாறும், புதியவருக்கு அதுதான் கஷ்டம். 150 முதல் 200 லிட்டர் சரியான இடம்.

அப்புறம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டேங்க் லைனுக்கு, மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடச் சொல்லுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒயர் ஒவ்வொன்றும் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேறட்டும், தண்ணீர் ஒயர் வழியே வழிந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸை சம்ப் பக்கத்தில் தரையில் போடவே கூடாது. உப்புத் தண்ணீரில் கை விடுகிற வீட்டில் இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சாமான் வாங்கிய அன்றே மீனும் வாங்குவதுதான் கடைசித் தவறு. எல்லாவற்றையும் மாட்டி, உப்புத் தண்ணீர் நிரப்பி, மீன் இல்லாமல் இரண்டு வாரம் சும்மா ஓட்டுங்கள், பம்ப்பை நிறுத்திப் பாருங்கள், மதியம் இரண்டு மணிக்கு வெப்பம் எவ்வளவு என்று எழுதி வையுங்கள். அதோடு அம்மோனியா கொஞ்சம் சேர்த்து பாக்டீரியா வளர விட்டால் நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதை அளக்கும் டெஸ்ட் கிட்டின் எக்ஸ்பைரி தேதியைப் பார்த்து வாங்குங்கள். அம்மோனியா சேர்த்த மறுநாளே அம்மோனியா, அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட் இரண்டும் 0 காட்டினால், சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் பக்கம் கிளம்பிப் போய், கடலில் பிடித்தது வேண்டாம், பண்ணையில் பொரித்து வளர்த்த க்ளவுன் மீன் ஒரு ஜோடி கொடுங்கள் என்று கேளுங்கள். அந்த வித்தை நம் பரங்கிப்பேட்டை, மண்டபம் கடல் ஆராய்ச்சி நிலையங்களுக்கு எப்போதோ கைவந்துவிட்டது.