ஸ்கோர்கார்டு போடுவது எப்படி? எக்செல்லைக் கடைசியில் திறங்கள்

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ‘இனிமேல் எல்லாவற்றையும் அளக்கப் போகிறோம்’ என்று அறிவித்தார்கள். அடுத்த வாரமே 43 வரிசை கொண்ட எக்செல் ஷீட் ஒன்று வந்தது. ஒருவர் மூன்று மாதம் தொடர்ந்து ஒரே ஃபைலை அனுப்பினார். ஏன் என்று கேட்க ஆளில்லை. அப்போதுதான் அதை யாரும் பார்ப்பதே இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தது. ஸ்கோர்கார்டு என்பது நிறுவனம் எப்படிப் போகிறது என்று சில எண்களில் காட்டும் பட்டியல். அதைப் போடும்போது உங்கள் நிறுவனத்துக்கு அந்தக் கதி வராமல் இருக்க, இந்த வரிசையில் போங்கள்.

படி 1: எதை வைத்துப் பிழைக்கப் போகிறோம்?

இதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘சிறந்த சேவை தருவோம்’ என்பது வாக்கியமல்ல, காலண்டர் வாசகம். 1972-இல் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸ் பண நெருக்கடியில் தன் நான்கு விமானங்களில் ஒன்றை விற்றது. மீதி மூன்றை வைத்தே பழைய அட்டவணையை ஓட்ட வேண்டும். அவர்கள் வழி இதுதான்: தரையிறங்கிய விமானம் பத்தே நிமிடத்தில் மறுபடி கிளம்ப வேண்டும்.

படி 2: அம்புக்குறி போடுங்கள்

பேராசிரியர் ராபர்ட் கப்லானும் ஆலோசகர் டேவிட் நார்ட்டனும் 1992-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் ‘பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு’ பற்றி எழுதினார்கள். பணக்கணக்கை மட்டும் பார்க்காமல் வாடிக்கையாளர், நிறுவனத்துக்குள் வேலை நடக்கும் விதம், கற்றலும் வளர்ச்சியும் என்று இன்னும் மூன்று பக்கமும் பார்க்கச் சொன்னார்கள். பலர் நான்கு கட்டம் போட்டுக் கையில் கிடைத்த எண்களை நிரப்பிவிடுகிறார்கள். கட்டங்களுக்கு நடுவே, எது எதற்குக் காரணம் என்று காட்டும் அம்புதான் முக்கியம். தரைப் பணியாளருக்கு வேலை பழகினால் விமானம் சீக்கிரம் கிளம்பும், சீக்கிரம் கிளம்பினால் பயணி நேரத்துக்குப் போய்ச் சேர்வார், அதே விமானம் அன்றைக்கு இன்னொரு நடையும் போகும், காசு வரும். இந்தச் சங்கிலியில் இடம்பிடிக்காத எண்ணை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

படி 3: அளவுகோல்

ஒரு கட்டத்துக்கு இரண்டு போதும். நேரம் அதிகம் பிடிக்கும் வேலை, அளவை வரையறுப்பதுதான். ‘பத்து நிமிடம்’ என்றால் எப்போதிலிருந்து எப்போது வரை? சக்கரத்துக்குக் கட்டை வைத்ததிலிருந்து கட்டையை எடுக்கும்வரையா, கதவு திறந்ததிலிருந்து மூடும்வரையா? இதை எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு துறையும் தனக்குச் சாதகமான கடிகாரத்தைப் பார்க்கும். லாபம் போன காலாண்டின் கதையைச் சொல்லும். கிளம்பும் நேரம் இன்று காலை நடந்ததைச் சொல்லும். இரண்டும் கலந்திருக்கட்டும்.

படி 4: ஒரு துறையில் மட்டும் ஓட்டிப் பாருங்கள்

மூன்று மாதம் போதும். ஒவ்வொரு எண்ணுக்கும் பொறுப்பாக ஒருவர் பெயர் இருக்கட்டும். குழு என்று எழுதாதீர்கள். மாதக் கூட்டத்தில் ‘ஏன் குறைந்தது?’ என்று ஆளைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். நாம் போட்ட அம்பு சரிதானா என்று பாருங்கள். பயிற்சி கொடுத்தும் நேரம் குறையவில்லையென்றால் ஒருவேளை அம்புதான் தப்பு.

படி 5: போனஸோடு உடனே கட்டாதீர்கள்

இங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒரு வாடிக்கையாளர் தலையில் எட்டுத் திட்டங்கள் விற்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. வாடிக்கையாளரோடு உறவு நெருக்கமாக வேண்டும் என்பதுதான் நினைப்பு. ஊக்கத்தொகையும் வேலையும் அந்த எண்ணில் தொங்கியதால், ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். சுமார் 5,300 பேரை வேலையைவிட்டு அனுப்பியதாக வங்கியே சொன்னது, 2016-இல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. எண் ஏறியது, உறவு நாசமானது. முதல் வருடமாவது சம்பளத்தை இந்த எண்களோடு சேர்க்காதீர்கள்.

சரி, இப்போது எக்செல்லைத் திறக்கலாம். கடைசியாக ஒரு நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘இந்த எண்ணைப் பார்த்து என்ன முடிவு எடுத்தோம்?’ ஒரு வரிசையில் அந்த இடம் இரண்டு காலாண்டு காலியாகவே கிடந்தால், அந்த வரிசையை அழித்துவிடுங்கள்.